ரசத்தில் கரைத்த மருந்து

தேங்காய்ச் சட்னி அரைக்கிற சின்ன ஜாரில் என் மனைவியின் மருந்தைப் போட்டு மிக்ஸியை மூன்று சுற்று விட்டேன். அந்தக் கேப்ஸ்யூலைத் திறந்தால் உள்ளே கடுகைவிடச் சின்னதாகப் பழுப்பு மணிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மூன்றாவது சுற்றில் எல்லாம் மாவாகிவிட்டன. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், நெறுநெறுப்பே இல்லை. கொதிக்கக் கொதிக்க இறக்கிய ரசத்தில் கொட்டி ஒரு கலக்குக் கலக்கினேன். கரைந்து காணாமல் போயிற்று. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அடுப்படியில் நின்ற காட்சி இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதை அழிக்க மருந்து இருந்தால் அரைக்காமல் முழுங்கிவிடுவேன்.

இருபத்து மூன்று நாள் இப்படிச் செய்தேன். ஒரு நாள் செய்தால் முட்டாள் என்று சொல்லி விட்டுவிடலாம். இருபத்து மூன்று நாள் செய்கிறவனுக்கு வேறு பெயர் வேண்டும்.

காவேரிக்குக் கணையத்தில் கல். பிப்ரவரியில் ஆபரேஷன் செய்து கல்லை எடுத்தார்கள். ஆனால் கணையம் பாதிக்குமேல் காய்ந்துபோயிருந்தது. சாப்பிட்டதைக் கரைக்க அது சுரக்க வேண்டிய நீர் இனிமேல் போதுமான அளவு வராது, அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கேப்ஸ்யூல், சாப்பிடும்போதெல்லாம் போட வேண்டும் என்றார் டாக்டர் செல்வநாதன். நான் தலையாட்டினேன். புரியாத விஷயத்துக்கு நான் நன்றாகத் தலையாட்டுவேன். கம்பெனி மீட்டிங்குகளில் பழகியது.

கணையம் என்றதும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "குடிக்கிறவங்களுக்குத்தான அது வரும்?" என்றார் காவேரியின் சித்தப்பா. குடிக்காதவர்களுக்கும் வரும், இந்தப் பக்கத்தில் சின்ன வயசுக்காரர்களுக்கே வருகிறது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் குடித்து அவளுக்கு வந்திருக்கும் என்று ஒரு முடிவுக்கு வந்து, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் அவளுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஆகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குழாய் தொண்டையிலேயே இருப்பதுபோல் அவளுக்கு ஒரு நினைப்பு. பெரிய கேப்ஸ்யூலை வாயில் வைத்தாலே குமட்டும். இரண்டு முறை வெளியே வந்துவிடும், மூன்றாவது முறை கண்ணீரோடு உள்ளே போகும். அதற்குள் சோறு ஆறிப்போகும், பசியும் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று வேளை இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் தெற்கே. ஓரகடத்தில் ஒரு டயர் கம்பெனியில் வேலை, மிக்ஸிங் செக்‌ஷன், பதினான்கு வருஷம். ரப்பர், கரி, எண்ணெய், பொடி எல்லாவற்றையும் மெஷினில் கொட்டிப் பிசைவோம். வெளியே வருவதை வெட்டிப் பார்ப்போம். கலக்காத மணி ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த பேட்ச் ரிஜெக்ட். பதினான்கு வருஷம் மணியைத் தேடிய கண்ணுக்கு, ஒரு நாள் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பார்த்ததும் கை அரிக்க ஆரம்பித்தது. இவ்வளவு மணி கலக்காமல் வயிற்றுக்குள் போனால் எப்படி வேலை செய்யும்? அரைத்தேன்.

"இன்னாய்யா, இன்னிக்கு மாத்திர இல்லியா?" என்றாள் காவேரி.

"டாக்டர் மாத்திட்டாரு. இனிமே பொடிதான். சாப்பாட்டுலயே கலந்தாச்சு."

"நெசமாவா?"

"பின்ன? சொந்தமா மாத்துததுக்கு நான் என்ன டாக்டரா?"

அவள் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, குமட்டாமல் ஒரு வேளை சாப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இருபத்து மூன்று நாளும் என்று சொன்னால் நான் நல்லவனாகத் தெரிவேன். அதனால்தான் அதை இங்கேயே சொல்லிவிட்டு நகர்கிறேன்.

நாலாம் நாள் அவள் வாயில் புண் வந்தது. "மொளகா இன்னா அள்ளிக் கொட்றியா? நாக்கு பத்தி எரியுது" என்றாள். மிளகாயைக் குறைத்தேன். பிறகு மிளகை எடுத்தேன். கடைசியில் என் ரசம் வெறும் புளித்தண்ணீராகிவிட்டது, புண் மட்டும் ஆறவில்லை. எடையும் இறங்கத் தொடங்கியது.

அடுத்த ரிவ்யூவில் நாற்பது கிலோ இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் சேர்த்துக் குழாய்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே காவேரி சொல்லிவிட்டாள்: "அந்தக் கொழாய்க்கு நான் ஒத்துக்க மாட்டேன். செத்தாலும் சரி." அவள் எதையும் இரண்டு தடவை சொல்கிறவள் இல்லை.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாமல் போனது அப்போதுதான். படப்பை மருந்துக் கடைத் தராசில் அவளை ஏற்றினேன். முப்பத்தொன்பது. சுங்குவார்சத்திரத்துக்கு அவளுடைய கம்பெனியில் லீவு லெட்டர் கொடுக்கப் போனபோது, பஸ் ஸ்டாண்டில் விளக்கு சுற்றும் மெஷினில் ஏற்றினேன். நாற்பத்திரண்டரை. "பாத்தியா" என்றேன். "செருப்பு, ஹேண்ட்பேக், சாப்பாட்டுக் கூடை" என்றாள் அவள். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரரிடமும் கேட்டேன். அவர் தராசு முப்பத்தெட்டரை என்றது. அது வாங்குகிற தராசு, குறைத்துத்தான் காட்டும் என்று காவேரியிடம் சொன்னேன். எனக்குச் சாதகமாகப் பேசுகிற தராசு ஒன்றைத் தேடி இந்த ரோடு முழுக்க அலைந்திருக்கிறேன்.

ரிவ்யூவுக்கு முந்தின சாயங்காலம் அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உண்மைய சொல்லு. நான் தேறுவனா?"

"உனக்கென்னட்டி? ஓரகடம் ரோடு மாதிரி. வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும், ஆனா வண்டி ஓடும்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் தட்டைக் கழுவினேன். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினேன்.

ஆஸ்பத்திரித் தராசு முப்பத்தெட்டு புள்ளி இரண்டு என்றது. அது யாருக்கும் சாதகமாகப் பேசுகிற ஜாதி இல்லை.

"கேப்ஸ்யூல் ஒழுங்கா எடுக்கறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"மூணு வேளையும் சாப்பாட்டோட போவுது சார்" என்றாள் காவேரி. பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுக்கு. எங்கள் வீட்டில் அந்த இலாகா முழுக்க என்னுடையது.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்படியும் இறங்குகிறது என்றால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், பெட் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கே சேர்ந்துவிடுங்கள் என்றார். வேறு ஏதாவது என்றால் என்ன என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். பயப்படும்படி இருக்குமா என்றேன். "பாக்கலாம்." காவேரி மடியில் இருந்த ஃபைலின் கயிற்றை அவிழ்த்தாள், கட்டினாள், அவிழ்த்தாள்.

அவளை ரத்தம் எடுக்க அழைத்துப் போனார்கள். என்னை உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். ஷெர்லின் என்று மேசையில் பெயர்ப்பலகை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும். என் ஜோக்கு எதற்கும் சிரிப்பதில்லை என்று காலையிலேயே முடிவு செய்துகொண்டு வந்தவள்போல் இருந்தாள்.

"கேப்ஸ்யூல் எப்படிண்ணா குடுக்கறீங்க?"

"வாய் வழியாத்தான் மேடம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எப்போ? மொத வாய் சாப்பிடறப்பவா, சாப்பிட்டு முடிச்சா?"

"கூடவே. கலந்து."

"கலந்துன்னா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஏசி மெஷின்தான் இருந்தது. "சும்மா ஒரு சந்தேகம் மேடம். அந்த மணியை ஏன் அப்படி மணியா வச்சிருக்கான்? பொடியாவே குடுத்தா என்ன?"

ஒரு டயட் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் படம் போட்டாள். வாய், ஒரு பை, அதற்குக் கீழே சுருள் சுருளாகக் குடல்.

"வாயில எச்சில். சோத்துல இருக்கிற மாவ அதுதான் மொதல்ல ஒடைக்க ஆரம்பிக்கும். அதனாலதான் மென்னுக்கிட்டே இருந்தா இனிக்கும். அப்புறம் வயிறு. அங்க ஆசிட். முட்டை, பருப்பு, கறி எல்லாம் அங்க நெகிழ ஆரம்பிக்கும். ஆனா முக்காவாசி வேலை இங்கதான்." குடல் ஆரம்பிக்கிற இடத்தில் பேனாவால் குத்தினாள். "கல்லீரல்ல இருந்து பித்தம் வந்து எண்ணெயத் துளித்துளியா பிரிச்சு விடும். கணையத்துல இருந்து நீர் வரும், நமக்கெல்லாம் ஒரு நாளைக்கு ஒண்ணரை லிட்டர். அது வயித்து ஆசிட்ட அடக்கிட்டு, மாவு, கொழுப்பு, புரதம் மூணையும் ஒடம்பு உறிஞ்சற அளவுக்கு ஒடைக்கும். உங்க வீட்டம்மாவுக்கு அந்த நீர்தான் இல்ல. அது இல்லன்னா என்ன சாப்பிட்டாலும் அப்படியே வெளிய போயிடும். எண்ணெய் மிதக்கும், பாத்திருப்பீங்க."

பார்த்திருந்தேன்.

"அந்த நீரோட வேலையத்தான் இந்த மணி செய்யுது. ஆனா ஆசிட்ல பட்டா செத்துடும். அதனால மணிக்கு மேல ஒரு பூச்சு. வயித்துல அது கரையாது, குடலுக்குப் போனப்புறம்தான் கரையும். சரியான எடத்துல, சரியான நேரத்துல."

"பூச்சு போயிட்டா?"

"வயித்துலயே வீணாப்போயிடும். வாயிலயே வேலைய ஆரம்பிச்சிட்டா வாய் புண்ணாயிடும். அது சோறுன்னும் பாக்காது, நாக்குன்னும் பாக்காது."

"சூட்டுல போட்டா மேடம்?"

"பாதி அதுலயே செத்துடும். யாராவது சூட்டுல போடுவாங்களா?"

கம்பெனியில் ரப்பரில் கந்தகம் சேர்ப்போம். அதுதான் ரப்பரை இறுக வைக்கிற சரக்கு. அதை முதல் கலவையில் போடக் கூடாது, அங்கே நூற்றைம்பது டிகிரி சூடு. கலவை ஆறி, இரண்டாம் முறை கலக்கும்போது கடைசியாகத்தான் போட வேண்டும். அவசரப்பட்டால் மெஷினுக்குள்ளேயே இறுகிவிடும், அச்சுக்குப் போகும்போது பிரயோஜனப்படாது. போன வருஷம் என்கூட வேலை செய்யும் திருமலை ஒரு தடவை அவசரப்பட்டதற்கு, ஷிஃப்ட் முழுக்கக் கேட்கும்படி அவனைத் திட்டினவன் நான். எதை, எப்போது, எந்தச் சூட்டில் என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறவனும் நான்தான்.

"மிக்ஸியில அரைச்சேன் மேடம்" என்றேன். "கொதிக்கிற ரசத்துல போட்டேன். இருபத்து மூணு நாள். அவளுக்குத் தெரியாது. டாக்டர் மாத்திட்டாருன்னு சொன்னேன்."

ஷெர்லின் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்து வந்தாள். "ரெண்டு வாரம் டைம் குடுத்திருக்காரு. ஸ்கேனும் அப்புறம் பாக்கலாம்னுட்டாரு. ரெண்டு வாரத்துல ஏறலன்னா அட்மிஷன்தான். முழுங்க முடியலன்னா ஆப்பிள வேக வச்சு மசிச்சு, நல்லா ஆற வச்சு, ஒரு ஸ்பூன்ல மணிய அப்படியே தூவி மெல்லாம முழுங்கணும். பின்னாடியே தண்ணி குடிக்கணும். மொத வாய்க்குப் பாதி, நடுவுல பாதி." பிறகு சொன்னாள்: "அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

"ரொம்பக் கோவப்படுவாளா மேடம்?"

"ஆப்பிள் புளிப்பா இருந்தா நல்லது, பூச்சு கரையாது" என்றாள் ஷெர்லின்.

தாம்பரத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில் சொன்னேன். முடிச்சூர் வரைக்கும் மூன்று முறை வாயைத் திறந்து, மூன்று முறையும் வெயிலைப் பற்றிப் பேசினேன். நாலாவது முறை சொல்லிவிட்டேன். பொடியை டாக்டர் கொடுக்கவில்லை, நான் அரைத்தது, அரைத்ததால் மருந்து செத்துப்போனது, வாய்ப்புண்ணும் அதனால்தான். நான் அரைத்ததில் கம்பெனித் தரம் இருந்தது என்று ஒரு வாக்கியமும் என்னையறியாமல் வந்துவிட்டது. என் வாய்க்கு மேல்பூச்சு கிடையாது.

மணிமங்கலம் பிரிவு தாண்டும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட்டு வாங்கினியா?"

"வாங்கிட்டேன்."

"சரி."

அவ்வளவுதான். அடுத்த பதினான்கு நாளும் அதே அளவுதான். ஆப்பிளை வேக வைத்து மசித்தேன். விரல் விட்டுச் சூடு பார்த்தேன், பிறகு கம்பெனி தெர்மாமீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி வந்தும் பார்த்தேன். ஒரு மணிகூட உடையாமல் ஸ்பூனில் தூவி நீட்டினேன். அவள் வாங்கி முழுங்கினாள். "சரியா இருக்கா?" என்றால் "ம்". "வயிறு எப்படி?" என்றால் "ம்". "கோவமா?" என்றால் "பால் பொங்குது பாரு." அடுப்பில் பாலே இருக்காது.

வீட்டில் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அவள் பாத்ரூமுக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன். குவாலிட்டி செக் ஆள் கெட்டான்.

"காவேரி, மிதக்குதா?"

"யோவ், அந்தாண்ட போ."

"ஒரு ரிப்போர்ட்டுக்குத்தான் கேக்கேன்."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் வந்தது.

வேலையிலும் கால் தரையில் பாவவில்லை. "காவேரி எதுவும் சொல்லாம இருக்காடா. கோவமா இல்லியான்னே தெரியல" என்று திருமலையிடம் கேட்டேன். "அண்ணி ஒண்ணும் சொல்லலன்னா நல்லதுதானண்ணே. கெளறாத வுடு" என்றான். காவேரியின் தங்கை செந்தாமரைக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அத நீங்க அக்காகிட்டயே கேளுங்க மாமா" என்று வைத்துவிட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன இருந்தது என்று யோசித்து ஒரு ஷிஃப்டையே ஓட்டினேன்.

வாய்ப்புண் ஒரு வாரத்தில் ஆறியது. பத்தாம் நாள் காலை, பாத்ரூம் கதவு திறந்தது. அவள் என்னைத் தாண்டிப் போகும்போது, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"முழுகிடுச்சு."

எங்கள் குடும்பத்தில் ஒன்று மூழ்கி நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. கம்பெனி பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்கிரிமெண்ட்டா என்று கேட்டார்கள். என்னவென்று சொல்வது?

ரிவ்யூ அன்றைக்கு அவள் தராசில் ஏறியபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "முப்பத்தொம்பது ஆறு" என்றாள் நர்ஸ். நாற்பது இல்லை. டாக்டர் சீட்டைப் பார்த்தார், காவேரியைப் பார்த்தார், என்னைப் பார்க்காமல் தவிர்த்தார்.

"நாப்பது வரல. ஆனா ரெண்டு வாரத்துல ஒரு கிலோ நானூறு ஏறியிருக்கு. குழாய் வேணாம். இப்படியே போங்க" என்றார்.

காவேரி கண்ணை மூடித் திறந்தாள். ஃபைலின் கயிற்றை ஒரே தடவையில் கட்டினாள்.

"பசிக்குது" என்றாள் வெளியே வந்ததும்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு இட்லி வாங்கி வைத்தேன். பையிலிருந்து ஆப்பிள் டப்பாவை எடுக்கப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அட்டையிலிருந்து கேப்ஸ்யூலைத் தானே எடுத்தாள், முழுசாக வாயில் வைத்தாள், தண்ணீர் குடித்தாள். தோள் ஒரு தடவை குலுங்கியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டேன். உள்ளே போய்விட்டது. இட்லியைப் பிட்டாள்.

கெட்டிச் சட்னியைத் தொட்டு அவள் மென்று முடிக்கும்வரை என் கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"ஏட்டி, என் மேல கோவம் இருக்கா?"

பால் பொங்குகிறது என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"கீது. நெறைய கீது."

மேசைக்கு அடியில் என் கால் ஆடுவது நின்றது.

"நீ அரச்சதுக்கு இல்ல. தெரியாம செஞ்ச, சரி. டாக்டரு மாத்திட்டாருன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான். மருந்து ஒழுங்காப் போவுது, அப்பவும் ஒடம்பு எறங்குதுன்னா என் கத முடிஞ்சிதுன்னு நெனச்சிகினேன். செந்தாமரகிட்ட சொல்லிகூட வெச்சிட்டேன், நான் போய்ட்டா இந்தாள அவங்க ஊருக்கு அனுப்பிடு, தனியா வுட்டா ஜோக்கு சொல்ல ஆளில்லாம பைத்தியமாயிடுவான்னு. தேறுவனான்னு உன்னத்தான் கேட்டேன். நீ ரோட்டப் பத்தி சொன்ன."

நாக்கு நுனிவரை ஒரு ஜோக்கு வந்தது. வந்ததை அப்படியே மெல்லாமல் முழுங்கினேன்.

"இந்தக் கோவம் போவுமா?"

"போவும்" என்றாள். "இப்ப இல்ல, நாளாவும். ஆனா இனிமே எனக்குத் தெரியாம என் ஒடம்புக்கு எதுனா செஞ்ச, செஞ்சிட்டு எங்கிட்ட சிரிச்சிகினு நின்ன, அப்ப போவாது. நானும் இருக்க மாட்டேன்."